அத்தான் கண்ட சூட்சுமம்

சூட்சுமக்காரர் என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து உங்களுக்காகக் காத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத எதுவானாலும் அவருக்குச் சூட்சுமம். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் சூட்சுமம், மின்விசிறி கிறீச்சிட்டால் சூட்சுமம், அவருக்கு எந்த வேலையும் நிலைக்காதது எல்லாவற்றையும்விடப் பெரிய சூட்சுமம். எண்ணெய் விட்டால் விசிறிச் சத்தம் நிற்குமே என்று கேட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பக்குவம் போதாது என்பார்.

நானும் கடவுளைப் பார்க்காமல் கும்பிடுகிறவள்தான். ஆனால் எண்ணெய்ப் புட்டியை அவர் ஒளித்துவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், இந்த வகையில் முதல் தரம். அக்கா தைக்கும் சட்டைகளால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆறு மாதமாக அவள் தையலில் பிசகு. நீலச் சட்டைக்குக் கறுப்பு நூல். பொத்தான் ஒரு விரல் தள்ளி. துணி கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். அத்தான் கூடத்தில் நாலு பேரை உட்காரவைத்து விளக்கம் சொன்னார்.

"கைக்கும் துணிக்கும் நடுவுல ஒண்ணு ஓடுது பாருங்க. அது அறுந்துபோச்சு. சூட்சுமம்."

அப்போது அக்கா தேநீர் கொண்டுவந்தாள். டம்ளரை விட்டுத் தள்ளி, அவர் முழங்காலில் ஊற்றினாள்.

"ஊத்துறதுலயும் ஒரு..." பல்லைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரு மண்ணும் இல்லைங்க. எனக்கு இடது கண்ணு தெரியலை. ஆறு மாசமா சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்."

மறுநாள் கண் டாக்டர் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. வெளியிலேருந்து பார்த்தா தெரியாது. வலதைக் காப்பாத்திடலாம். இடது போனது போனதுதாம்மா. அப்பவே வந்திருக்கணும்."

அக்கா மடியில் கிடந்த தன் விரல்களையே பார்த்தாள். அத்தான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வெளியில தெரியாதாம், கேட்டியா? நான் சொன்னேனா இல்லையா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த நாலு பேரில் ஒருத்தி நான். ஆறு மாதமும் தலையாட்டிக்கொண்டு அவள் கையால் தேநீர் குடித்தவள். இப்போதும் உங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து யாரோ எதையோ இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

காதில் விழவில்லையா? சூட்சுமமாகத்தான் இருக்கும்.