பெண் பார்க்கப் போன கடிகாரம்

"தம்பி, மணி என்னா?" என்று பெண்ணின் அப்பா மறுபடியும் கேட்டார்.

அவருக்கு நேரெதிரே சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் கேட்டார். மாப்பிள்ளையின் கையில் மின்னும் ஸ்விஸ் கடிகாரத்தை நன்றாகப் பார்ப்பதற்கு அதைவிட மரியாதையான வழி கிடையாது.

துஷாந்த் சட்டைக் கையை ஒதுக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. முட்கள் அசையவில்லை. சற்றுமுன் கை கழுவப் போனபோது குழாய் திடீரென்று சீறியது ஞாபகம் வந்தது.

"நாலு இருபதுங்க மாமா."

"மொத தடவ கேட்டப்பவும் அதத்தானே சொன்னீங்க?"

"ஒங்ககூடப் பேசிக்கிட்டிருந்தா நேரம் போறதே தெரியலைங்க."

பெண்ணின் அப்பா பூரித்துப் போனார். கலகெதரவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அவரிடம் இப்படி யாரும் பேசியதில்லை. பெண் சர்மிளா கதவோரம் நின்று சிரிப்பை அடக்கினாள். துஷாந்துக்கு அந்தச் சிரிப்பு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

"எங்களுக்குச் சம்மதந்தான். வழக்கமா வேலை செய்யிற எடத்துல ஒரு வார்த்த விசாரிப்போம். இந்த வாரம் ஒங்க மனேஜருக்கு ஒரு டெலிபோன் கோல் எடுக்குறேன்" என்றார் அப்பா.

துஷாந்த் கடித்த பலகாரத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தான். காரணம், அந்தக் கடிகாரமே மனேஜருடையது.

துஷாந்த் கண்டியில் குளியலறைச் சாமான்கள் விற்கும் நிறுவனமொன்றில் விற்பனையாளன். அங்கே மனேஜர் ராஜலிங்கம் பரந்த மனம் படைத்தவர் என்று பெயர் எடுத்தவர். சம்பள உயர்வு கேட்டால் மட்டும் அந்த மனம் கொஞ்சம் ஒடுங்கும். மற்றபடி அலுவலகத்தில் யார் பெண் பார்க்கப் போனாலும், துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த தன் கடிகாரத்தை அவராகவே தருவார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க மொதல்ல பாக்குறது கையைத்தான். வெறுங்கையோட போகாதீங்க" என்று சொல்லி, தன் வீட்டுக்கே வரவழைத்து, கடிகாரத்தை நன்றாகக் குலுக்கி, தானே துஷாந்தின் கையில் கட்டிவிட்டார். தகப்பன் கூட அப்படிச் செய்யமாட்டான் என்று துஷாந்துக்குக் கண் கலங்கியது.

இரவல் வாங்கிய பொருளை வாங்கியதைவிட நல்லபடியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். இரவல் வேன் கழுவி டீசல் நிரப்பி வரும். குழம்பு வந்த கிண்ணம் முறுக்கோடு திரும்பும். இந்த லட்சணத்தில், ஓடின கடிகாரத்தைச் செத்த கடிகாரமாகக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? அந்த நேரம் பார்த்துப் பெண் வீட்டிலிருந்து கோல் வந்தால் மனேஜர் என்ன சொல்வார்?

திங்கட்கிழமை காலையில் மனேஜரே கேட்டார்.

"வாட்ச் எப்படி? நல்லா ஓடுதுதானே?"

"ஜோரா ஓடுது சார். வீட்டுல பத்திரமா வச்சிருக்கேன்."

"அவசரமில்ல. ஆறுதலா கொண்டாங்க" என்றார் அவர், மிகுந்த கனிவோடு.

அந்தக் கனிவு துஷாந்தின் குற்ற உணர்ச்சியை இரண்டு மடங்காக்கியது. மதிய இடைவேளையில் கொழும்பிலுள்ள கடிகார ஏஜண்டை அழைத்தான். ஒரு பெண் இனிமையான ஆங்கிலத்தில் பேசினாள். கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் அவனுடைய ஒரு மாதச் சம்பளம் ஆகுமாம். மறுபடி மூடித் தருவதற்கு எவ்வளவு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று மாலையே பன்வில பஸ்ஸில் ஏறினான். அங்கே அவனுடைய தாய்மாமன் ஜெயராஜ் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் ட்ரையர் இயந்திரத்துக்குப் பொறுப்பாளர்.

"ஈரந்தானே மாப்புள? இந்த மலையில உள்ள ஈரத்தையே எடுக்குறவன் நான். ஒரு வாட்ச் என்னா பெரிய வாட்ச்!"

"மாமா, சூடு கூடிறாதுல்ல?"

"இருவது வருஷ சர்வீஸ்டா எனக்கு!"

மாமா கடிகாரத்தை ஒரு தட்டில் வைத்து, தேயிலையோடு தேயிலையாக ட்ரையருக்குள் அனுப்பினார். மறுபக்கம் வந்தபோது ஈரம் சுத்தமாகப் போயிருந்தது. கண்ணாடி நடுவில் விரிசல் விட்டிருந்தது. தோல் வார் கருவாடாகச் சுருண்டிருந்தது.

"ஈரம் போச்சா இல்லையா? மோந்து பாரு, வாசன எப்படி இருக்கு!" என்றார் மாமா பெருமையோடு.

துஷாந்துக்கு அழுகை வந்தது. மாமாவாயிற்றே என்று நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் அலுவலகத்தில் நிரஞ்சனைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். நிரஞ்சனுக்குப் போன வருடம்தான் கல்யாணம் நடந்தது. அவனும் இதே கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனவன்.

"மச்சான், கண்டியில கொறஞ்ச செலவுல வாட்ச் திருத்துற ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

நிரஞ்சன் அவனை நீண்ட நேரம் பார்த்தான். துக்க வீட்டில் பார்க்கிற பார்வை அது. பிறகு எதுவும் கேட்காமல், "மார்க்கட்டுக்குப் பின்னால, மாடிப்படிக்குக் கீழ ருஷ்தி நானான்னு ஒருத்தர். என் பேரச் சொல்லாத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ருஷ்தி நானா பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு கடிகாரத்தைத் திறந்தார். முதலில் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன தம்பி, தேத்தண்ணி மணக்குது?"

"அது ஒரு பெரிய கதை நானா."

"இது முந்தியும் நம்மட கைக்கு வந்த சாமான் மாதிரி ஈக்குது" என்றார். கடைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று துஷாந்த் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"மிஷினெல்லாம் துரு. பழைய துரு. ஃபுல்லா கழட்டிக் கழுவோணும், ரெண்டு சாமான் மாத்தோணும். கண்ணாடியும் புதுசு போடோணும். வாருக்கு வேறயா செலவு."

'மிஷின்' என்ற சொல்லுக்குப் பிறகு துஷாந்துக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. செலவைக் கேட்டபோது மட்டும் கேட்டது. கொழும்பைவிடக் குறைவுதான். ஆனால் அவனிடம் இருந்ததைவிட நிறைய.

அவனிடம் விலை போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பக்கத்துக் கடையில் தன் போனை விற்றான். மிஷினுக்கும் கண்ணாடிக்கும் சரியாக வந்தது. வாருக்கு வரவில்லை. வாரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், அம்மாவின் யோசனைப்படி அதில் தேங்காயெண்ணெய் தடவி, அம்மிக்கல்லின் கீழ் வைத்து நிமிர்த்தினான். அவசரத்தில் சிம்மைக் கழற்ற மறந்ததை அப்போது அவன் உணரவில்லை.

வியாழக்கிழமை அலுவலகத் தொலைபேசி அடித்தது. நிரஞ்சன் எடுத்து அவனிடம் நீட்டினான். பேசியது சர்மிளா.

"என்னாங்க இது? ஒங்க நம்பருக்கு எடுத்தா யாரோ ஒருத்தர் பேசுறாரு! 'அவரு அவசரமாக் காசு வேணும்னு போனை வித்துட்டுப் போய்ட்டாரு'ங்கிறாரு. பக்கத்துல அப்பா இருந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு."

"ஐயோ! அப்பா என்னா சொன்னாரு?"

"'கையில ஸ்விஸ் வாட்ச், பையில போன் இல்ல. அப்ப நடுவுல சூதாட்டந்தான் இருக்கணும்'ங்கிறாரு. இன்னைக்குச் சாயந்தரம் ஒங்க மனேஜர் வீட்டுக்கு எடுத்து விசாரிக்கப் போறாரு. எனக்குப் பயமா இருக்குங்க. எனக்கு ஒங்களப் புடிச்சிருக்கு. எப்படியாவது சரி பண்ணுங்க."

பெண் வாயால் கேட்க ஏங்கிய வார்த்தையைக் கேட்டும் துஷாந்தால் சந்தோஷப்பட முடியவில்லை. ருஷ்தி நானாவிடம் ஓடிக் கடிகாரத்தை வாங்கினான். எண்ணெய் பூசிய வாரை மாட்டிக்கொண்டு, மனேஜர் வீட்டுக்குப் போகும் மேட்டில் மூச்சிரைக்க ஏறினான்.

ராஜலிங்கம் கதிரையில் சாய்ந்திருந்தார். துஷாந்த் இரண்டு கைகளாலும் கடிகாரத்தை நீட்டினான்.

"சார், மன்னிச்சிருங்க. வார் மட்டும் கொஞ்சம்..."

மனேஜர் வாரைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைக் காதில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். புதிய கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவினார். முகம் மெல்ல மலர்ந்தது.

"பரவால்ல துஷாந்த், பரவால்ல. வார் எல்லாம் ஒரு விஷயமா? இந்தக் காலத்துல இரவல் பொருளை இப்படித் திருப்பிக் குடுக்கிற பிள்ளைங்க எங்க இருக்காங்க!"

அந்நேரம் மேசையிலிருந்த அவருடைய போன் அடித்தது. கலகெதரவிலிருந்துதான்.

"சூதாட்டமா? யாரு, துஷாந்தா?" மனேஜர் கடகடவென்று சிரித்தார். "ஐயா, நான் என் சொத்தையே நம்பி இவன் கையில குடுத்தேன். எப்படித் திருப்பிக் குடுத்திருக்கான்னு வந்து பாருங்க. இப்படி ஒரு மாப்பிள்ள ஒங்களுக்குத் தேடினாலும் கெடைக்காது. கண்ண மூடிக்கிட்டுப் பொண்ணக் குடுங்க!"

மறுமுனையில் அப்பாவின் குரல் குழைவது வெளியே கேட்டது. நல்ல நாள் பார்க்கலாம் என்றார். துஷாந்த் மனேஜரின் காலில் விழாத குறை. எவ்வளவு பெரிய மனிதர்! வார் கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! போன் போனால் போகட்டும், சர்மிளா கிடைத்துவிட்டாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மனேஜரின் மனைவி தனுஜா தேத்தண்ணியோடு வந்தார். தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுத்தார். கண்கள் அகல விரிந்தன.

"அட, குலுக்காமலே ஓடுதே! போன வருஷம் நிரஞ்சன் தம்பி முள்ளு போட்டுக் குடுத்தாரு, இவரு மிஷினையும் கண்ணாடியையும் முடிச்சிட்டாரு, இனி வார் மட்டுந்தானே... ஏங்க, ஒங்க ஆபீஸ்ல அடுத்து யாரு பொண்ணு பாக்கப் போறா?"