சாயம் தின்னும் பூச்சிகளும் ஒரு விமானச் சீட்டும்

வெள்ளவத்தை,
1998 ஆவணி.

மதிப்புக்குரிய பெரியண்ணை அவர்கட்கு,

தம்பி வரதராசா எழுதுவது. கனடாக் குளிருக்குத் தப்பி நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறோம். இங்கே நாங்களும் எங்கள் அடையாள அட்டைகளும் பத்திரமாக இருக்கிறோம்.

நீங்கள் சுகிர்தாவுக்கு அங்கே பார்த்த மாப்பிள்ளை, அவள் வர அனுப்புவதாகச் சொன்ன விமான டிக்கெட் விஷயமாகவே இக்கடிதம். மகள் பற்றீரியாக் கிருமி ஆராய்ச்சி செய்கிறாள் என்று பெருமையாக எழுதினேன் அல்லவா, அந்தப் பெருமை இப்போது எங்கள் பிரிட்ஜுக்குள் இருக்கிறது. ஏதோ ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவு வாய்க்காலில் கறுத்த சேறு அள்ளி வந்து, பல்கலைக்கழகத்தை மறுபடி மூடிவிட்டார்கள் என்று, போத்தல் போத்தலாகத் தோசை மாவுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறாள். இவளின் தாய் கனகேஸ்வரி ஒரு கிழமையாகத் தோசை சுடவில்லை. “ஏன் பிள்ளை, துப்பரவான இடத்துப் பூச்சி கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன். “அதுகள் சாயம் பட்டாலே செத்துப்போகும் அப்பா. அந்த நஞ்சுக்குள்ள கிடந்து தப்பினதுகள்தான் அதைத் தின்னப் பழகியிருக்கு” என்றாள். அதைக் கேட்டதிலிருந்து, இந்த ஊரில் நாங்கள் எதையெதைச் செமிக்கப் பழகிவிட்டோம் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

போன கிழமை பொலிஸ் வந்தது. பொலிஸில் பெயர் பதியாத ஆட்கள் ஒளிந்திருக்கிறார்களோ என்று தேடிய இன்ஸ்பெக்டர், பிரிட்ஜையும் திறந்து, ஒரு போத்தலை முகர்ந்துவிட்டு பல்கனிக்கு ஓடினார். திரும்பி வந்து இதற்குள் என்ன என்று சிங்களத்தில் கேட்க, சுகிர்தா உள்ளதைச் சொன்னாள்: உயிர்கள், கோடிக்கணக்கில். “எல்லாரையும் பதிஞ்சாச்சோ?” என்றார் அவர். பகிடியா கோபமா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் போத்தலையும் இவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பின்னேரம்தான் விட்டார்கள். அதுவரை ஸ்டேஷன் வாசலில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன் அண்ணை. எனக்கிருப்பது ஒரே பிள்ளை. வீட்டுக்கு வந்து இவள் கேட்ட முதல் கேள்வி, “மற்றப் போத்தலுகளை ஒருத்தரும் தொடேல்லைத்தானே?” மேல்மாடி நமசிவாயம் மாஸ்டரோ, அந்த நாற்றத்தால் எங்கள் அலுமாரியை மட்டும் பொலிஸ் கிண்டவில்லை என்று, அடுத்த சோதனைக்கு ஒரு போத்தல் இரவல் கேட்கிறார்.

ஆகையால் டிக்கெட்டை உடனே அனுப்புங்கள். அவள் அழுதாலும் பிளேனில் ஏற்றிவிடுவேன். போத்தல்களை நானே வடிகானில் ஊற்றுகிறேன்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு
அன்புத் தம்பி
வரதராசா

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் சுகிர்தா ஒரு போத்தலைக் கொண்டுவந்து காட்டினாள். கருநீலச் சாயத் தண்ணீர் வெளுத்துப்போயிருந்தது. பொலிஸில் அழாத பிள்ளை அழுதாள், எனக்கும் கண் கலங்கிவிட்டது. தொழிற்சாலைக்காரர் இதைத் தங்கள் கழிவுத் தொட்டி ஒன்றில் ஊற்றிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்களாம். டிக்கெட் வேண்டாம் அண்ணை, மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நாளைக் காலை தொழிற்சாலைக்குச் சேற்றுக் கலனைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் நடப்பேன், அவள் பின்னால் வருவாள். செக்பொயின்றில் பிடித்தால் என்னைப் பிடிக்கட்டும். கேட்டால் சொல்ல ஒரு சிங்கள வசனமும் பாடமாக்கியிருக்கிறேன்: “மேக்க பேத், மஹத்தயா.” இது மருந்து ஐயா என்று அர்த்தம். பொய் இல்லைத்தானே அண்ணை?