பத்து இருபதும் ஒரு ஜவ்வரிசியும்

"துப்பாக்கி காலியாகத்தான் இருக்கிறது" என்று சத்தியம் செய்பவனை நம்பாதீர்கள். அந்தச் சத்தியத்தை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். அதுவும் பெண் கொடுக்க வந்தவரிடம்.

என்னிடம் ஆறு பழைய ஏர்கன்கள் இருக்கின்றன. பொருட்காட்சியில் பலூன் சுடுவோமே, அதற்கு இவை ஒன்றுவிட்ட பெரியப்பா முறை. குழாய்க்கு அடியில் உள்ள கட்டையை முன்னும் பின்னும் இழுத்து, சைக்கிளுக்குக் காற்றடிப்பது மாதிரி பம்ப் அடித்தால்தான் சுடும். பருத்திப்பட்டில் ஃப்ளாட் வாங்கியவர்கள் சோபா வாங்கிப் போட்டார்கள். நான் இவற்றை வாங்கிப் போட்டேன். (ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. அது காக்கைகளுக்கும் தெரியும்.)

"துப்பாக்கி வச்சிருக்கிற வீட்டுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்பது அம்மாவின் தினசரிப் புலம்பல். பத்து ஜாதகம் தட்டிப்போய், பதினொன்றாவதாகப் பூந்தமல்லி ரேவதியின் ஜாதகம் பொருந்தியது. விஜயதசமி வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொன்னார்கள். இதுவும் கைநழுவினால் காசிக்குப் போய்விடுவேன் என்று அம்மா அறிவித்திருந்தாள்.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. முதல் நாள் ஆயுத பூஜை. அசல் ஆயுதமே வீட்டில் இருக்க, லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பானேன்? அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆறையும் ஹாலில் சாமி படத்துக்கு முன் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரமும் காட்டிவிட்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போடாமல் எடுக்கக் கூடாது. திரும்பி வந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாளே தவிர, தெய்வக் குற்றத்துக்குப் பயந்து தொடவில்லை. காலை பத்து மணிக்கு மறுபூஜை, உடனே எல்லாம் பரணுக்கு என்று முடிவாயிற்று.

மறுநாள், "பாக்கெட்ல பாதி ஜவ்வரிசியைக் காணோமே, பாயாசத்துக்குப் பத்தாதே" என்று அம்மா தேடிக்கொண்டிருந்தபோதே அழைப்புமணி அடித்தது. மணி ஒன்பதே முக்கால். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பேசி முடிக்கலாம் என்று சீக்கிரமே வந்துவிட்டார்களாம். அம்மா ஓடிப்போய்த் தன் பட்டுப்புடவையைத் துப்பாக்கிகளின் மேல் போர்த்தினாள்.

ரேவதியும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். அப்பா அம்பத்தூரில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவர். உட்கார்ந்ததிலிருந்து புடவையையே பார்த்தார்.

"யாரு தம்பி, அங்க படுத்துகினு கீறது? ஒடம்புக்கு முடிலயா?"

"யாருமில்லீங்க, பூஜை சாமான்" என்றாள் அம்மா. ஃபேன் காற்றுக்குப் புடவை விலகியது. குங்குமப் பொட்டுடன் ஒரு குழாய் எட்டிப் பார்த்தது.

அவர் எழுந்து வந்து குனிந்தார். என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன்.

"அட, பம்பு அடிக்கிறது! வாஷர் எல்லாம் நீயே மாத்துனியா?"

இந்த ஒரு கேள்விக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன்! கல்யாணப் பேச்சே மறந்துபோயிற்று. ஒன்றை எடுத்தேன். "டேய், இன்னும் மறுபூஜை ஆகலடா!" என்று அம்மா சமையலறையிலிருந்து கத்தினாள்.

"உள்ள குண்டு கீதா?" என்று கேட்டார் ரேவதியின் அப்பா.

"காலி சார். வெறும் காத்துதான்" என்று நெஞ்சில் கை வைத்தேன்.

ஆளில்லாத சுவரைப் பார்த்து, பத்து முறை பம்ப் அடித்து விசையை இழுத்தேன். 'டப்!' சுவரில் கண்ணாடி போன பழைய கடிகாரம் ஒரு குலுங்கு குலுங்கியது. பெரிய முள் வளைந்து அப்படியே நின்றது. பத்து இருபது. கீழே வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது.

ரேவதியின் அப்பா அதை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். "இது பாயாசத்துல போட்றதாச்சே?"

இரும்புக் குண்டு கிடைக்காமல், போன வாரம் ஜவ்வரிசியைப் போட்டுச் சோதித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்று குழாயிலேயே தங்கியிருக்கிறது. பாயாசத் தட்டுடன் நின்ற அம்மாவின் கண் கலங்கியிருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

"மீதி அஞ்சுல இன்னா போட்டு வச்சிகிறீங்க? சேமியாவா?" என்றாள் ரேவதி. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அவள் அப்பா சிரிக்கவில்லை. ஆறையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குழாயைக் குடைந்து, காலிதான் என்று உறுதி செய்த பிறகே உட்கார்ந்தார். அதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது.

"ராகுகாலம் வந்துடுச்சு. இனி எதைப் பேசி என்ன?" என்றாள் அம்மா.

அவர் சுவரைக் காட்டினார். "ஒங்க ஊட்டு கடியாரத்துல பத்து இருவதுதானம்மா ஆவுது? இன்னும் பத்து நிமிசம் கீது. வெத்தல பாக்கு எடுத்தாங்க."

அந்தக் கடிகாரம் இன்றும் அதே சுவரில் பத்து இருபது காட்டிக்கொண்டிருக்கிறது. "எம் பொண்ணு ஊட்டுல ராவுகாலமே கெடையாது" என்று ஊரெல்லாம் சொல்லும் மாமனார், யாரையும் அதைத் தொட விடுவதில்லை. ஏழாவது துப்பாக்கி வாங்கலாமா என்று நான் வாயெடுத்தால் ரேவதி மறுப்பதே இல்லை. "தாராளமா வாங்குங்க. அந்தக் கடியாரத்துல பத்து இருவத்தொண்ணு ஆவட்டும்."