அருவிக்கரைக்கு ஒரு ஜாமீன்

எமனே வந்து ஆளைப் பிடித்துக்கொண்டு போனாலும், இரண்டு பேர் பிணையில் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக்கூடிய வக்கீல் உலகத்தில் ஒருவர்தான். அவர் தென்காசியில் இருந்தார். ஊர் அவரை ஜாமீன் அண்ணாச்சி என்றது. சொந்தப் பெயர் வாசல் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில், சட்டம் படித்த சூடு ஆறுவதற்குள் அவரிடம் ஜூனியராகப் போய் நின்றேன். குறுக்கு விசாரணையில் சாட்சிகளைக் கதறவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. அண்ணாச்சியோ ஜாமீன் மனுவைத் தவிர எதையும் தொடமாட்டார்.

“தீர்ப்பு அது பாட்டுக்கு எப்ப வேணும்னாலும் வரட்டும்லே. அதுவரைக்கும் மனுசன் வீட்டுச் சோத்தைத் திங்கணுமா, இல்லையா?”

ஒரே ஒரு முறை, நான் கெஞ்சியதற்காக, ஓர் அடிதடி வழக்கை முழுசாக நடத்தினார். கோர்ட்டே வாய் பிளக்கும்படி வாதாடிவிட்டு, கடைசியில் பழக்க தோஷத்தில், “ஆகவே என் கட்சிக்காரரை ஜாமீனில் விடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்” என்று முடித்து உட்கார்ந்தார்.

“அவர் ஏற்கெனவே ஜாமீனில்தானே நிற்கிறார்?” என்றார் மாஜிஸ்திரேட்.

“அப்ப ரொம்ப நல்லதுய்யா” என்றார் அண்ணாச்சி, முழு திருப்தியோடு.

கோர்ட்டுக்கு வெளியிலும் இதே வேலைதான். பயிரை மேய்ந்த ஆட்டைப் பிடித்துப் பவுண்டுத் தொழுவத்தில் அடைத்திருந்தார்கள். வழியே போன அண்ணாச்சி காவல்காரரை மடக்கினார். “இதுக்கு நிரந்தர விலாசம் இருக்கு. முன்குற்றம் கிடையாது. தலைமறைவாப் போற முகமா இது, நீரே பாரும்!” காவல்காரர் ஆட்டின் முகத்தைப் பார்த்தார். அது நேரம் பார்த்து “மே” என்றது. அவர் கதவைத் திறந்துவிட்டார்.

எல்லாவற்றையும் மிஞ்சியது மாடசாமியின் விவகாரம்.

மாடசாமி குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். சாரல் விழும் அந்தக் கொஞ்ச காலத்துச் சம்பாத்தியத்தில்தான் அவர் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். குளிக்கப் போகிறவர்கள் சங்கிலி, மோதிரம், கடிகாரத்தைக் கழற்றி எண்ணெய் தேய்ப்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம். சாரல் தொடங்கிய வாரத்திலேயே ஒரு வெளியூர்க்காரர், குளித்துவிட்டு வந்து கழுத்தைத் தடவிப் பார்த்து, மாடசாமிதான் சங்கிலியை எடுத்துவிட்டார் என்று புகார் கொடுத்துவிட்டார். மாடசாமி சப்-ஜெயிலில். அருவியோ கொட்டுகிறது.

ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. அரசு வக்கீல் எழுந்தார். “செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா. வெளியே விட்டால் ஓடிவிடுவார்.”

“ஐயா, சாரல் நேரத்துல கேரளாவே இங்கனதான் குளிச்சுக்கிட்டு நிக்கு” என்றார் அண்ணாச்சி. “இவரு அங்கன போயி யாரு முதுகுல எண்ணெய் தேய்ப்பாரு?”

“சாட்சிகளைக் கலைத்துவிடுவார்.”

“சங்கிலி போனதைப் பாத்த சாட்சி பேரருவி ஒண்ணுதான். அதை இவரு மிரட்டுவாராக்கும்?”

மாஜிஸ்திரேட் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். “பிணைக்கு யார் இருக்கிறார்கள்?”

அங்கேதான் சிக்கல். திருட்டுப் புகார் என்றதும் சொந்தக்காரர்களில் மைத்துனர் ஒருவர்தான் வந்திருந்தார். இன்னொரு ஆள் வேண்டும். அண்ணாச்சி நிதானமாகத் திரும்பி, “உள்ள வாரும்” என்றார்.

சுரண்டைப் பாத்திரக்கடை முதலாளி ஒருவர், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நடந்து வந்தார்.

“உமக்கும் இவருக்கும் என்ன உறவு?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“உறவு ஒண்ணும் இல்லய்யா. எனக்குத் தேய்ச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் இவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வலது தோளு முடிஞ்சுது, இடது தோளு பாக்கி. வேற கை பட்டா எனக்குச் சரிப்படாது.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: “அன்னைக்கு என் சங்கிலியும் இவர்கிட்டதான் இருந்துச்சு. போலீசு கூட்டிட்டுப் போற அவசரத்துலயும், கூப்பிட்டு என் கையில குடுத்துட்டுத்தான் போனாரு.”

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். அவர் எழுதத் தொடங்குவதற்குள் அண்ணாச்சி புகுந்தார். “தினமும் காலையில குற்றாலம் ஸ்டேஷன்லயே கையெழுத்துப் போடுவாருய்யா. அங்கேயிருந்து அருவிக்கு நடை தூரம்.”

மனு அனுமதிக்கப்பட்டது. வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: “நிபந்தனையை நாமளே சொல்லிரணும்லே. கோர்ட்டு சொல்லுத வரைக்கும் விட்டா, திருநெல்வேலியில போயி கையெழுத்துப் போடச் சொல்லிரும்.”

மறுநாள் முதலாளியின் இடது தோள் நேரானது. சாரல் ஓய்ந்து தண்ணீர் வடிந்தபோது, அந்த வெளியூர்ச் சங்கிலி பாறை இடுக்கில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. ஆள் அதைக் கழற்றிக் கொடுக்க மறந்து அருவியில் நின்றிருக்கிறார்; வழக்கும் முடிந்தது. அந்தச் செய்தியை நான் ஓடிப்போய்ச் சொன்னபோது, அண்ணாச்சி அடுத்த ஜாமீன் மனுவில் மூழ்கியிருந்தார். “அவருதான் அப்பமே வீட்டுக்குப் போயிட்டாரேலே” என்றார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. போன வருஷம் அண்ணாச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜன்னலுக்கு வெளியே சாரல். அருவியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டாக்டர் முடியவே முடியாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை; மாடசாமியையும் கூட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, இவருக்கு நிரந்தர விலாசம் இருக்கிறது. தப்பி ஓட மாட்டார். நானும் மாடசாமியும் பிணை. குளிக்க மாட்டார், தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. இருட்டுவதற்குள் ஒப்படைத்துவிடுகிறோம்.”

டாக்டர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். கட்டிலிலிருந்து பலவீனமாக ஒரு குரல் வந்தது: “நிபந்தனையை முந்திக்கிட்டுச் சொன்ன பாத்தியா. இனிமே நீ பிழைச்சுக்கிடுவலே.”

காரை அருவிக்கு எதிரே நிறுத்தினோம். மாடசாமி அவர் காலை மடியில் வைத்து மெல்ல எண்ணெய் தடவினார். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டு, முகத்தில் தூவானம் பட உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சொன்னபடி இருட்டுவதற்குள் ஆளைக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். பிணை நின்றவன் செய்ய வேண்டியது அதுதான். ஆனாலும் அன்றைக்கு மட்டும், ஆள் தப்பி ஓடியிருக்கக் கூடாதா என்றிருந்தது.