பேராசிரியர் வெஸ்லி பிறந்த நேரம்

செவன் ஹில்ஸ், சிட்னி,
ஆனி மாதம், வெள்ளிக்கிழமை.

பெருமதிப்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய அக்கா சிவனேஸ்வரி அவர்களுக்கு,

தம்பி வரதராஜா எழுதுவது. மேய்ஸ் ஹில் கோயில் முருகன் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். அங்கே மெல்போனில், கிளென் வேவர்லியிலும் அப்படியே இருக்கக் கும்பிடுகிறேன். மூன்று கிழமையாக நீங்கள் என் போனை எடுக்காததால் தபாலில் வருகிறேன்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். உங்கள் மகள் வினுஷா ஏழு வயதில் ஒரே நாளில் நாற்பது தரம் "ஏன் மாமா?" என்று கேட்டபோதே, "அக்கா, இவளை ஒரு தத்துவப் பேராசிரியர்தான் கட்டுவார்" என்றேன். நீங்கள் மறந்திருப்பீர்கள்.

"ஊர் பேர் தெரியாத அமெரிக்கன்" என்கிறீர்கள். அக்கா, மாப்பிள்ளை வெஸ்லியின் சரித்திரத்தைக் கேளுங்கள். நெப்ராஸ்காவில் டிராக்டர் பாகங்கள் விற்றவரின் மகன், பதினாறு வயதில் நூலகத்தில் ஒரு ஜெர்மன் தத்துவப் புத்தகத்தைத் தவறி எடுத்து, ஒரு வரியும் விளங்காத கோபத்தில் ஜெர்மன் படித்து, அந்த ஒரு புத்தகத்துக்காகவே ஒன்பது வருடம் கிடந்து கலாநிதிப் பட்டம் வாங்கி, ஐந்து பல்கலைக்கழகங்களில் தற்காலிக வேலை பார்த்து, அதில் ஒன்றில் இவர் போய்ச் சேர்ந்த வருடமே தத்துவத் துறையை மூடிவிட்டார்கள், அது இவருடைய பிழை இல்லை, இப்போது மெல்போனில் நிரந்தர வேலை. எழுநூறு பக்கத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார். நான் ஒரே மூச்சில் முன்னுரையின் பாதிக்கு வந்துவிட்டேன். ஜெர்மனியில் இவர் ரயில் ஏறினால் ஆட்கள் எழும்பி இடம் கொடுப்பார்கள். அவர் சொல்லவில்லை, அடக்கமான ஆள். முகத்தைப் பார்த்து நானே விளங்கிக்கொண்டேன்.

பல்கலைக்கழக விடுமுறை என்று போன சனிக்கிழமை இருவரும் இங்கே வந்தார்கள். சாதகம் பொருந்தாமல் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று நீங்கள் சொன்னதில் பிள்ளை அழுது முகம் வீங்கியிருந்தாள். நான் வெஸ்லியைக் குசினிக்குள் இருத்தி, எத்தனை மணிக்குப் பிறந்தீர்கள் என்று என்னுடைய இங்கிலிஷில் கேட்டேன். "அங்கிள், நேரம் வெளியே இருக்கிறதா, நம் மனத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்" என்றார். தேத்தண்ணி ஆறி, சூடாக்கி, திரும்பவும் ஆறி, இரண்டு மணித்தியாலம். நேரம் என்பது மனம் போட்டிருக்கும் கண்ணாடியாம், கழற்றவே முடியாதாம்.

"அது சரி தம்பி, காலமையா பின்னேரமா?"

"அருமையான கேள்வி!" என்று மறுபடி தொடங்கினார்.

"மாமா, டோன்ட் என்கரேஜ் ஹிம்!" என்று வினுஷா உள்ளே இருந்து கத்தினாள். அழுத பிள்ளை சிரித்தது அப்போதுதான்.

பிறகு, காலை 6.12 என்று தெரியவந்தது. சோதிடர் நரசிம்மன் கணக்குப் போட்டுப் பார்த்தார்: பத்தில் எட்டுப் பொருத்தம்! "சிட்னியில இப்படி ஒரு ஜோடிய நான் பார்த்ததே இல்ல சார்" என்றார்.

ஆகவே ஆவணியில் மேய்ஸ் ஹில்லில் கலியாணம். அம்மா வராமல் தாலி ஏறாது என்று பெட்டை ஒற்றைக் காலில் நிற்கிறாள். வாங்கோ அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் பிரஷரும் கோபமும் ஒன்றாக இறங்க முருகன் அருளட்டும்.

சொல்லுக் கேட்கும் தம்பி,
வரதராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன், இன்னும் இங்கேயே நிற்கிற இருவருக்கும் வாசித்துக் காட்டினேன், வினுஷா மொழிபெயர்த்தாள். 6.12 வந்ததும் வெஸ்லி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவருடைய தாய்க்கே ஞாபகம் இருப்பது, அன்று கடும் பனி, டாக்டர் பிந்தி வந்தார், அவ்வளவுதான். "பொய்யான நேரத்தை நம்பி வினுஷாவின் அம்மா சம்மதிக்க வேண்டாம். உண்மையை எழுதுங்கள்" என்றார். "அக்கா வராட்டி?" என்றேன். "வரும்வரை காத்திருப்போம்" என்றார், இந்த முறை ஒரே வரியில். எட்டுப் பொருத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிற மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. இப்போது பக்கத்தில் நின்று, எழுதுகிறேனா என்று பார்க்கிறார். தமிழ் தெரியாததால் வினுஷாவையும் காவலுக்கு நிறுத்தியிருக்கிறார். அக்கா, 6.12 நான் போட்டது.