விளக்கைச் சுற்றி ஒரு வளையம்

"உஷா, இந்த பல்பைச் சுத்தி வானவில்லாட்டம் ஏதோ தெரியுதே?"

உஷாராணி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு பல்புதானுங்க தெரியுது."

வெற்றிலைக் கொடிக்காலில் குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால், சென்னியப்பன் முந்தாநாள்தான் வலி மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தார். இடுப்பு தேவலை. பல்பை மாற்றிப் பார்த்தும் வளையம்தான் போகவில்லை. கூடவே மண்டையிடி. வலிக்குத்தானே மாத்திரை என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டார். வளையம் இரண்டாயிற்று.

பயந்துபோய், வெள்ளிக்கிழமைதோறும் விளக்கைப் பார்த்துக் குறி சொல்லும் அத்தாயியிடம் ஓடினார்.

"கலர் கலரா வளையமா சாமி?" அத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "போன வருசம் எனக்கும் இப்படித்தான் ஆத்தா வந்தா. நீ குடுத்து வெச்சவன்!"

சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பரமத்தி வேலூரில் இதுவரை அவரை யாரும் பெரிதாக மதித்ததில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஆறு பேர் எலுமிச்சம்பழத்தோடு நின்றார்கள். அவரை எப்போதும் இளக்காரமாகப் பேசும் மச்சான் காளியப்பனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தார்.

"எம் பொண்ணுக்கு எப்பங்க கல்யாணம் கூடி வரும்?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். வாந்திதான் வந்தது.

"ஆத்தா உக்கிரமா இருக்கா!" என்று காளியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சென்னியப்பன் சிவந்த கண்ணைக் கசக்கினார். எல்லாமே புகைமூட்டமாக இருந்தது. "உஷா, மச்சானைக் காணோமே?"

"எங்கண்ணன் உங்க கால்லதானுங்க உழுந்து கெடக்குது!"

ஆயுசில் ஒரே ஒரு தடவை நடந்தது, அதையும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அதற்குமேல் உஷாராணி யார் பேச்சையும் கேட்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து நாமக்கல் பஸ்ஸில் ஏற்றினாள்.

கண் டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்தார். "இதுதாங்க காரணம். சில பேருக்கு இது கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்திடும். இன்னும் ஒரு நாள் உட்டிருந்தீங்கன்னா பார்வையே போயிருக்கும்."

மாத்திரையை நிறுத்தி, ஊசி போட்டு, சொட்டு மருந்து ஊற்றினார்கள். சாயங்காலம் ஆஸ்பத்திரி டியூப்லைட் வெறும் டியூப்லைட்டாக எரிந்தது.

"உம் மூஞ்சி நல்லாத் தெரியுது புள்ள," என்றார் சென்னியப்பன்.

உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஆத்தா போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் இந்த முகம் போதும் என்றிருந்தது.

நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த அத்தாயி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்துவதற்குள் அவள் குரல் கேட்டது.

"சொட்டு மருந்து எத்தனை வேணா ஊத்துங்க சாமி, அந்த முட்டிவலி மாத்திரைய மட்டும் நிறுத்தச் சொல்லீராதீங்க. வெள்ளிக்கெழமை குறி கேக்க ஆளுக வருவாங்க!"