மாதப்பனின் காவல் இயந்திரம்

மூடநம்பிக்கையிலிருந்து மனிதகுலத்தை மீட்கும் பொறுப்பை வரலாறு மொரப்பூர் அறிவியல் ஆசிரியர் மாதப்பனிடம் ஒப்படைத்திருந்தது. ஒப்படைத்த நேரத்தில் அவர் பனியனோடு தரையில் குப்புறப் படுத்து, சால்டரிங் அயனால் சுண்டுவிரலைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் எலுமிச்சை மிளகாய் கட்டுவதை ஒழிக்க விஞ்ஞானக் காவல் இயந்திரம் செய்திருந்தார். அதற்கு மூளை, பெங்களூரில் வாங்கிய, ஒயர் இணைக்க நாற்பது உலோகக் கால்கள் கொண்ட மைக்ரோகண்ட்ரோலர் சில்லு. கேட்டைத் திறந்தால் மணி அடிக்கும். அறை இருட்டினால் விளக்கு எரியும். தொட்டி காய்ந்தால் மோட்டார் ஓடும். இன்று பகுத்தறிவு மன்றத் தலைவர் ராஜப்பன் பார்க்க வருகிறார். பிடித்துப்போனால் மாதப்பன்தான் மாவட்டச் செயலாளர்.

கேட்டைத் திறந்து பார்த்தார்கள். மணி அடிக்கவில்லை.

“மணிய எட்டாவது கால்ல குடுங்க சார்,” என்றார் சக ஆசிரியர் தீர்த்தகிரி. புரோகிராம் எழுதியவர் அவர்தான். “ஏழுல குடுத்திருக்கீங்க. ஏழு விளக்குக்கு.”

“எட்டுக்குப் பக்கத்துல ரீசெட் கால் இருக்குதுய்யா. இடைஞ்சல் வரும். இதெல்லாம் ஆராய்ச்சி.”

“அப்ப விளக்கு?”

“ஆறுல போடு.”

“ஆறு மோட்டாருக்குங்க சார்.”

“மோட்டார அஞ்சுல போடு.”

“அஞ்சுக்கு நான் வேலையே குடுக்கலீங்களே.”

“குடுக்காட்டி என்ன, பழகிக்கும்.”

ராஜப்பன் வந்தார். கேட் ஊமையாகத் திறந்தது. உள்ளே உட்கார்ந்தவர், வெயில் கண்ணில் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்தினார். மணி அலறியது. பதறி எழுந்ததில் மேலெல்லாம் காப்பி. கழுவப் போய்ச் சோப்புப் போட்டதும் தொட்டி காய்ந்தது. பட்டப்பகலில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் அசையவில்லை.

“ஆக, திருடனுக்கு மணி இல்ல. ஜன்னல் சாத்துறவனுக்குத்தான் மணி,” என்றார் ராஜப்பன், சோப்புக் கைகளை நீட்டியபடி.

“மூணு ஒயரயும் ஒவ்வொரு கால் தள்ளிப் போட்டா சரியாயிரும் சார். மணி எட்டுக்குப் போவட்டும்,” என்றார் தீர்த்தகிரி.

“இடைஞ்சல் வருமுன்னு சொல்றேன்ல.”

“வந்தா என்னங்க? இதுக்கு மேலயா வரப்போவுது?” என்றார் ராஜப்பன்.

“விஞ்ஞானத்துல சமரசம் கிடையாதுங்க.”

தீர்த்தகிரி கேட்காமல் மணி ஒயரைப் பிடுங்கினார். தலைவரின் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மாதப்பனின் மனைவி ராணியம்மாள் நிமிர்ந்தாள்.

“எட்டுல வேணாங்கண்ணா. எட்டு ஆகாதுன்னு கம்பைநல்லூர் ஜோசியர் சொன்னதுலருந்து இவரு பஸ்ஸுல எட்டாம் நம்பர் சீட்டுல கூட உக்கார மாட்டாரு.”